மாமனார் பெயரில் மீட்டர், கையில் சோலார் கொட்டேஷன், மனசில் மின்சார ஸ்கூட்டர்: எதை முதலில் செய்வது?

கேட்டவர்: பேண்டேஜ்_கணக்கு, ராஜபாளையம் (அக்டோபர் 2025)

எல்லோருக்கும் வணக்கம். சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் பிள்ளைகள் இருவரையும் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போவேன். சாயங்காலம் டியூஷன், மார்க்கெட், அம்மா வீடு என்று எல்லாம் சேர்த்தால் நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடிவிடும். இருக்கிற பெட்ரோல் ஸ்கூட்டி பழசு. லிட்டருக்கு 45 கொடுத்தாலே பெரிய விஷயம்.

தீபாவளி போனஸ் வருகிறது. மின்சார ஸ்கூட்டர் வாங்கலாம் என்றேன். வீட்டுக்காரர், "முதலில் மாடியில் சோலார் போடுவோம், அப்புறம் வண்டிக்கு கரண்ட் சும்மா கிடைக்கும்" என்கிறார். ஆகஸ்டில் ஒருவர் வந்து மாடியை அளந்து 3 கிலோவாட்டுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம் என்று கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போனார். 78,000 மானியம் வருமாம். மாமியாருக்கு இரண்டிலுமே நம்பிக்கை இல்லை. "கவர்மெண்டு இன்னும் கூட்டிக் குடுப்பான், பொறுங்க" என்கிறார்.

எங்கள் வீட்டு பில் இரண்டு மாதத்துக்கு 470 யூனிட் பக்கத்தில் நிற்கும். ஏசி போடுகிற சித்திரை, வைகாசியில் 700 கூடப் போயிருக்கிறது. இணைப்பு இன்னும் மாமனார் பெயரில்தான். அவர் காலமாகிவிட்டார். கணவருக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. மாடி பொது, சண்டை எதுவும் இல்லை.

இரண்டுக்கும் சேர்த்துக் கடன் வாங்கலாமா, நகையை வைக்கலாமா, இல்லை மாமியார் சொல்வதுபோல் பொறுப்பதா? அரசாங்கம் உண்மையில் என்ன தருகிறது என்பதையும் யாராவது தெளிவாகச் சொன்னால் நல்லது. கடைக்காரர் சொல்வது ஒன்று, செல்போனில் வருவது ஒன்றாக இருக்கிறது.

பதில்: மீட்டர்பெட்டி_தாத்தா, கோவில்பட்டி

அம்மா, நான் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி வருஷங்கள் கயத்தாறு பக்கம். சோலார் விற்கிறவனும் இல்லை, வண்டி விற்கிறவனும் இல்லை.

நகையை வைக்க வேண்டாம். வண்டியை இப்போதே எடுங்கள், டிசம்பருக்குள். சோலாரைப் பெயர் மாற்றம் முடிந்த பிறகு போடுங்கள், அதுவும் 3 கிலோவாட் தேவையா என்று பார்த்துவிட்டு. காரணங்களைச் சொல்கிறேன்.

வண்டிக் கணக்கு. நாளுக்கு 40 என்றால், லீவு நாள் போக இரண்டு மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர் என்று வைப்போம். 45 மைலேஜில் 44 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். உங்கள் ஊர் விலையில் 4,500 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சார ஸ்கூட்டர் பிளக்கிலிருந்து இழுப்பது, சார்ஜரில் வீணாவதும் சேர்த்து, 80 யூனிட். அவ்வளவுதான். வண்டி வாங்கினால் பில் எங்கேயோ போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இந்த எண்ணைக் கேட்டால் நம்ப மாட்டார்கள்.

ஆனால் இந்த 2025-ன் கட்டணப்படி நம் தமிழ்நாட்டு பில்லில் ஒரு கோடு இருக்கிறது: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட். அதுவரைக்கும் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4.70, 500 வரை 6.30. ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.35 போய்விடும். 101-லிருந்தே 4.70 போட்டு வரும். 500-க்கு மேல் உள்ளதற்கு 8.40. இன்னும் மேலே போகப் போக ஏறி, 1,000-க்கு மேல் 11 ரூபாய்க்கும் அதிகம்.

உங்கள் 470-க்கு இப்போது 1,616 ரூபாய் கட்டுவீர்கள். வண்டியின் 80 சேர்ந்து 550 ஆனால் 2,460. வண்டிக்காக மட்டும் 844 ரூபாய். யூனிட்டுக்கு 10 ரூபாய்க்கு மேல் விழுகிறது. "ஒரு கிலோமீட்டர் பத்துப் பைசா" என்று கடைக்காரர் சொல்வது இந்தக் கோட்டைப் பார்க்காமல் சொல்வது. சரி, அப்படியே இருக்கட்டும். 4,500-க்குப் பதில் 844. இரண்டு மாதத்துக்கு 3,600 ரூபாய் மிச்சம். வண்டித் தவணையில் ஒரு பங்கை அது கட்டும்.

அரசு என்ன தருகிறது என்று கேட்டீர்கள். மத்திய அரசின் மானியம் 2021-க்கு அப்புறம் இறங்கித்தான் வந்திருக்கிறது. 2021-ல் ஸ்கூட்டர் பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் (ஒரு யூனிட் கொள்ளளவு) 15,000 கொடுத்தார்கள். 2023 ஜூனில் அது 10,000 ஆனது. 2024 மார்ச்சோடு அந்தத் திட்டமே முடிந்து, ஏப்ரலிலிருந்து 5,000, வண்டிக்கு அதிகபட்சம் 10,000. 2025 ஏப்ரலில் அதுவும் பாதியானது: 2,500, வண்டிக்கு அதிகபட்சம் 5,000. "கூட்டிக் கொடுப்பான்" என்ற மாமியாரிடம் இந்த இறக்கத்தைக் காட்டுங்கள்.

நம் மாநிலத்தின் 2023 மின்வாகனக் கொள்கை சொந்த ஸ்கூட்டர் வாங்குகிற உங்களுக்குத் தருவது சாலை வரி விலக்கும் பதிவுக் கட்டண விலக்கும்தான். அது 2025 டிசம்பர் 31 வரை என்று கொள்கையிலேயே எழுதியிருக்கிறது. நீட்டிக்கலாம், நீட்டிக்காமலும் விடலாம். 1 லட்சத்துக்கு மேல் விலையுள்ள பெட்ரோல் இருசக்கர வண்டிக்கு இங்கே ஆயுட்கால வரி 12 சதவீதம். 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வண்டிக்குப் போட்டுப் பாருங்கள், 14,400. மத்திய மானியத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. பெரிய சலுகை அதுதான், ஆனால் விளம்பரப் பலகையில் அது சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

என் மனசில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொள்கையை எழுதியது தொழில் துறை. 50,000 கோடி முதலீடு, ஒன்றரை லட்சம் வேலை என்பது அதன் இலக்கு. அந்த வகையில் வேலை நடந்திருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஸ்கூட்டர் ஆலைகள், தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் திறந்த வியட்நாம் கார் ஆலை என்று பார்க்கிறோம். ஆனால் ராஜபாளையத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற அம்மாவுக்காக எழுதியதல்ல அது. வாங்கும்போது கையில் கிடைக்கும் மாநில ஊக்கத்தொகை ஆட்டோ, சரக்கு வண்டி, வாடகைக் கார் போன்ற தொழில் வண்டிகளுக்குத்தான். அதில் தப்பில்லை, அதிகம் ஓடுகிற வண்டி மாறினால்தான் புகை குறையும். நாம் எந்த வரிசையில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சோலாருக்கு வருகிறேன். 78,000 வருமா என்றால் வரும். பிரதமர் சூரிய வீடு திட்டம், 2024 பிப்ரவரியிலிருந்து. ஆனால் அது எப்படி வருகிறது என்று பாருங்கள். முதல் இரண்டு கிலோவாட்டுக்கும் தலா 30,000. மூன்றாவதுக்கு 18,000 மட்டும். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் காசு இல்லை.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 480. வண்டியோடு சேர்த்து உங்கள் செலவு 550. கழித்தால் 70. வீடு இழுத்ததையும் சோலார் கொடுத்ததையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் நெட் மீட்டரில் கழித்தது போக நிற்கிற யூனிட்டுக்குத்தான் பில். 70 என்பது இலவச 100-க்குள் அடங்கிவிடுகிறது. 2 கிலோவாட்டிலேயே சாதாரண மாதங்களின் பில் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது என்றால் மூன்றாவது கிலோவாட் எதற்கு? சித்திரை ஏசிக்கு. அது வேண்டுமா என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் மீதமாகிற யூனிட்டை வாரியம் நல்ல விலைக்கு வாங்கும் என்று யாராவது சொன்னால் அந்தக் கொட்டேஷனை மடித்து உள்ளே வையுங்கள்.

கொட்டேஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆகஸ்டில் கொடுத்தது என்றீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாமான்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. உங்கள் தொகையில் 8, 9 ஆயிரம் குறைய வேண்டும். திருப்பி எழுதித் தரச் சொல்லுங்கள். பேனல் உள்நாட்டு செல்லில் செய்ததாக இருக்க வேண்டும், டிசிஆர் என்பார்கள். இல்லையென்றால் மானியம் கிடையாது. மானியம் வேலை முடிந்து மீட்டர் மாட்டிய பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையையும் நீங்கள்தான் புரட்ட வேண்டும். அரசு வங்கிகளில் இதற்கென்றே குறைந்த வட்டியில் கடன் இருக்கிறது, நகைக் கடனைவிட மேல்.

இனி நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்: மாமனார் பெயர். வீட்டு சோலார் விண்ணப்பங்கள் நிற்கிற இடம் பெரும்பாலும் மாடி இல்லை, மீட்டர் அட்டை. விண்ணப்பம், மின் இணைப்பு, வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர் வேண்டும். இறந்தவர் பெயரில் விண்ணப்பித்தால் மானியம் எந்தக் கணக்குக்குப் போகும்? என் அலுவலகத்துக்கே இப்படி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். இருபது வருஷம் முன்னால் இறந்த தகப்பனார் பெயரிலேயே கட்டிக்கொண்டு வருவார்கள். பில் கட்டுவதற்குப் பெயர் தடையில்லை, அதனால் யாருக்கும் உறைப்பதில்லை. வாரிசுச் சான்றிதழ், தம்பி தங்கை கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், வீட்டு வரி ரசீது இவற்றோடு பெயர் மாற்றத்துக்கு இன்றைக்கே எழுதிப் போடுங்கள். சண்டை இல்லாத இந்த நேரத்தில் வாங்குகிற கையெழுத்துத்தான் கையெழுத்து. அட்டையைக் கையில் எடுத்தால் சாங்க்ஷன் லோடு, அதாவது வாரியம் உங்கள் வீட்டுக்கு அனுமதித்த அளவு, எவ்வளவு என்றும் பாருங்கள். அதற்கு மேல் சோலார் போட வேண்டுமென்றால் லோடைக் கூட்ட வேண்டியிருக்கும். பழைய வீடுகளில் 1 கிலோவாட் என்றே இருக்கும்.

பதில்: மூன்றாம்மாடி, சென்னை

அக்கா, தாத்தா சொன்ன கணக்கை நானும் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுத்தேன். ஆனால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள், வீட்டு வாசலில் பிளக் பாயிண்ட் இருக்கும். நான் இருப்பது 24 வீடுள்ள குடியிருப்பு. கார் நிறுத்தும் இடத்தில் பிளக் வைக்கச் சங்கம் விடவில்லை. "தீப்பிடிக்கும்", "பொது மீட்டரில் யார் கணக்குப் பார்ப்பது" என்று கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே பேச்சு. பக்கத்து பிளாக் அண்ணா பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைக் கீழே இறக்கி சார்ஜ் போடுகிறார். மழையில் அதைப் பார்த்தாலே எனக்குக் குளிர் எடுக்கிறது.

நான் இப்போது ஆபீசில் போட்டுக்கொள்கிறேன். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சாரப் பஸ் விட்டார்களே, அவற்றுக்கு டெப்போவில் வரிசையாக சார்ஜர் வைக்க முடிகிறது, எனக்கு ஒரு பிளக் வைக்க முடியவில்லை. தாத்தா, இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: மீட்டர்பெட்டி_தாத்தா

இருக்கிறதம்மா. 2024 பிப்ரவரியில் ஒன்றிய மின் அமைச்சகம் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. வண்டி சார்ஜ் செய்வதற்கென்று தனி இணைப்பு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சங்கத்தின் பொது மீட்டரைத் தொடவே வேண்டாம், யார் கணக்குப் பார்ப்பது என்ற கேள்வியும் போய்விடும். எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சு பதிவேட்டில் ஏறாது.

அதே திருத்தத்தில்தான் 10 கிலோவாட் வரை வீட்டு சோலாருக்குத் தொழில்நுட்ப சாத்தியக்கூறு ஆய்வு வேண்டியதில்லை என்றும் வந்தது. ராஜபாளையத்து அம்மாவுக்கு அது உதவும்.

அந்த பால்கனி வயர்க்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். சார்ஜர் மூன்று நான்கு மணி நேரம் தொடர்ந்து கரண்ட் இழுக்கும். அயர்ன் பாக்ஸ் மாதிரி விட்டு விட்டு அல்ல. சுருட்டி வைத்த வயர் சுருளுக்குள்ளேயே சூடாகி உருகும். 15 ஆம்ப் பிளக், தனி வயர், நல்ல எர்த், கசிவு வந்தால் தட்டிவிடும் பிரேக்கர். இந்த நான்கும் இல்லாமல் மழைக்காலத்தில் சார்ஜ் போடக் கூடாது. எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டு மூடிவிட்டு அப்புறம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றாத வீடுகள்தான் அதிகம். காய்ந்த குழி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பதில்: சாம்பல்மேடு

எல்லோரும் சந்தோஷமாக வண்டி வாங்குங்கள். ஆனால் ராத்திரி 7 மணிக்கு நீங்கள் பிளக்கில் சொருகும்போது அது எங்கிருந்து வருகிறது? தூத்துக்குடியிலும் வட சென்னையிலும் நிலக்கரி எரித்துத்தானே. புகையை ராஜபாளையத்திலிருந்து தூத்துக்குடிக்கு மாற்றினதற்குப் பெயர் பசுமையா? நான் இருப்பது சாம்பல் பறக்கிற பக்கம். துணி காயப்போட்டால் தெரியும். இதற்கு மானியம் வேறு.

பதில்: மீட்டர்பெட்டி_தாத்தா

தம்பி, கோபம் நியாயம். சாம்பல் விழுகிற ஊர்க்காரருக்கு இந்தப் பேச்சு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் "7 மணி" என்று சொன்னீர்கள் பாருங்கள், விஷயம் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் 1986-ல் காற்றாலை போட்டபோது அதை வேடிக்கை பார்க்க ஆள் வந்தார்கள். இன்று மாநிலத்தில் காற்றாலை மட்டும் 11,000 மெகாவாட்டுக்கு மேல். செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் வைகாசியில் காற்று புகுந்தால் புரட்டாசி வரை நிற்காது. ஒரே நாளில் 10 கோடி யூனிட்டைத் தாண்டிய நாள்கள் உண்டு. கயத்தாறு சப்-ஸ்டேஷனில் ஆடி மாதத்து ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்களைக் கேளுங்கள். ஊரெல்லாம் தூங்குகிறது, காற்று அடித்து ஊற்றுகிறது, கரண்டை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. "அந்த ஃபீடரை இறக்கு" என்று, மாநிலம் முழுக்க மின்சாரத்தைப் பங்கிடுகிற சென்னை லோடு டெஸ்பாட்சிலிருந்து போன் வரும். சுற்றுகிற காற்றாடியை நிறுத்துகிறபோது அதன் சொந்தக்காரர் போனில் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது.

பகலில் சோலார். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் ஒரே இடத்தில் போட்டார்கள், அப்போது பெரிய செய்தி. அதற்கப்புறம் எவ்வளவோ வந்துவிட்டது. மத்தியானம் கரண்ட் பஞ்சமில்லை.

பஞ்சம் சாயங்காலம் 6 மணியிலிருந்து 10 மணி வரை. சூரியன் இறங்கிவிட்டது, காற்று எழும்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஊரே விளக்குப் போடுகிறது, ஏசி போடுகிறது, மோட்டார் போடுகிறது. அப்போதுதான் நிலக்கரியைக் கூட்டி எரிப்பதும், வெளிச் சந்தையில் அதிக விலைக்கு வாங்குவதும். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டுக்குப் போனது. அப்படிப்பட்ட ஒரு கோடையில் நாம் எல்லோரும் வேலையிலிருந்து வந்த கையோடு வண்டியைச் சொருகினால் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அதே வண்டியை மத்தியானமோ, ராத்திரி 10-க்கு மேலோ சொருகினால் கதை வேறு. ஆடியில் நள்ளிரவு சார்ஜ் என்றால் நிறுத்தப் போகிற காற்றாடியில் ஒன்று நிற்காமல் இருக்கும்.

அரசு இதை அறியாமல் இல்லை. உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், பின்னிரவில் 5 சதவீதம் தள்ளுபடி என்று வைத்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் மூன்று கொள்கை சேர்ந்து வந்தன: தண்ணீரை மேலே ஏற்றிவைத்து வேண்டியபோது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையங்களுக்கு ஒன்று, சிறு புனல் நிலையங்களுக்கு ஒன்று, பழைய குட்டிக் காற்றாலைகளை எடுத்துவிட்டுப் பெரிதாக வைக்க ஒன்று. காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1987-லிருந்தே இருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை வருஷக்கணக்காக நடக்கிறது.

என் குறை என்னவென்றால், வீட்டு இணைப்புக்கு இந்த நேரக் கணக்கு இல்லை. இரவு 7 மணிக்குச் சொருகினாலும் மத்தியானம் 1 மணிக்குச் சொருகினாலும் அதே விலை. வண்டிக் கொள்கை ஒரு துறையில், மின்சாரம் இன்னொரு துறையில், இரண்டு கோப்பும் ஒரு மேசையில் சந்திப்பதில்லை. பகலில் சார்ஜ் போடுகிறவருக்கு யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் குறைத்துப் பாருங்கள், மானியமே கேட்க மாட்டார்கள்.

பதில்: கோவை_மூணுசக்கரம்

மேடம், நான் கோயம்புத்தூரில் மின்சார ஆட்டோ ஓட்டுகிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சார ஆட்டோவுக்கு பர்மிட் தேவையில்லை, அதுதான் என்னை மாற வைத்தது. டீசல் ஆட்டோவில் தினமும் போன காசு இப்போது கையில் நிற்கிறது. ஆனால் லோன் வட்டி! பேங்க் தயங்குகிறது, பேட்டரி வண்டியை ஏலம் விட்டால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் தனியார் ஃபைனான்ஸில்தான் எடுத்தேன். ஊக்கத்தொகையில் பாதியை வட்டி தின்றுவிட்டது. தாத்தா சொன்ன துறைகளோடு வங்கிகளையும் அந்த மேசைக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வண்டி வாங்குமுன் உங்கள் ஊரிலேயே சர்வீஸ் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஷோரூம் இருக்கும், சர்வீஸ் மதுரையில் இருக்கும். சின்ன சென்சார் போனாலும் வண்டியை டெம்போவில் ஏற்றி அனுப்ப வேண்டும். பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர் என்று இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், இரண்டு பிள்ளைகளோடு போகிறீர்கள், கம்பெனி சொல்கிற ரேஞ்சில் கால் பங்கைக் கழித்துவிட்டு மீதியை நம்புங்கள். மருதமலை ஏறினால் எனக்குப் பாதி போய்விடும்.

பேண்டேஜ்_கணக்கு

எல்லோருக்கும் நன்றி. தாத்தா சொன்ன 500 யூனிட் கோட்டை வீட்டில் எழுதிக் காட்டினேன். இத்தனை வருஷம் கணக்கு எழுதுகிறவள் நான், என் வீட்டு பில்லை இப்படிப் பிரித்துப் பார்த்ததே இல்லை. மாமியார் மானியம் இறங்கிய கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப வண்டிய வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டார். மைத்துனரும் நாத்தனாரும் கையெழுத்துக்குச் சரி என்றார்கள். சர்வீஸ் இங்கேயே இருக்கிறது, நேரில் பார்த்துவிட்டு வந்தோம்.

இரண்டு சந்தேகம். சோலார் போட்டால் கரண்ட் கட் ஆகும்போதும் ஃபேன் ஓடும்தானே? அந்த நம்பிக்கையில்தான் வீட்டுக்காரர் இருக்கிறார். மாடியில் சின்டெக்ஸ் தொட்டி தென்கிழக்கு மூலையில் இருக்கிறது, மேற்கே மலை. பேனலுக்கு அது இடைஞ்சலா?

மீட்டர்பெட்டி_தாத்தா

ஓடாது அம்மா. இதை விற்க வருகிறவர்கள் சொல்வதில்லை. பேட்டரி இல்லாமல் வாரிய லைனோடு இணைத்த சாதாரண கிரிட் சோலார், வாரியத்தின் கரண்ட் போன அந்த நொடியே தானாக நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும். நிற்கத்தான் வேண்டும். லைனில் வேலை என்றால் லைனைத் துண்டிக்கிற ஏபி சுவிட்சைத் திறந்து, கம்பியில் எர்த் ராடை மாட்டிவிட்டுத்தான் எங்கள் ஆள் போஸ்டில் ஏறுவான். செத்த லைன் என்று நம்பி அவன் கை வைக்கிறபோது ஏதோ ஒரு மாடியிலிருந்து கரண்ட் திரும்பி வந்தால் என்ன ஆகும்? ஜெனரேட்டரைத் தப்பாகக் கொடுத்த வீடுகளால் இந்த ஆபத்தை நாங்கள் சோலாருக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறோம். அதனால் சோலார் இன்வெர்ட்டரின் அந்தத் தானியங்கி நிறுத்தத்தை யாராவது "எடுத்துவிட்டுத் தருகிறேன்" என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கரண்ட் கட் ஆகும்போதும் ஃபேன் வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், விலை கூடும். வீட்டில் ஏற்கெனவே யுபிஎஸ் இருந்தால் அதுவே போதும்.

தொட்டியைப் பற்றிக் கேட்டது நல்லது. பேனல்களை வரிசையாகக் கோர்த்துத்தான் இணைப்பார்கள். ஒன்றின் ஓரத்தில் நிழல் விழுந்தால் வரிசை முழுக்க இறங்கும். தென்கிழக்கில் தொட்டி என்றால் காலை நிழல் வடமேற்குப் பக்கம் நீளும். மார்கழியில் சூரியன் தாழ்ந்து தெற்கே போகும்போது இன்னும் நீளம். ஒரு நாள் காலை 9 மணிக்கும் மத்தியானத்துக்கும் மாலை 3 மணிக்கும் சாக்பீஸால் நிழலின் விளிம்பை மாடியில் கோடு போட்டு வையுங்கள். அளக்க வருகிறவரிடம் அந்தக் கோட்டுக்கு வெளியே போடச் சொல்லுங்கள். 2 கிலோவாட்டுக்கு 200 சதுர அடி வெயில் போதும். இல்லாவிட்டால் தொட்டியை வடக்கு ஓரத்துக்கு மாற்றுவது மலிவு. மலையால் உங்களுக்கு மாலையில் அரைமணி நேர வெயில் போகும். அந்த நேரத்து வெயிலில் பெரிதாக ஒன்றும் வராது, விடுங்கள். தண்ணீர்க் குழாய் ஒன்று மாடி வரை இருக்கட்டும், பஞ்சாலைத் தூசி படிகிற ஊர், பேனலை அடிக்கடி கழுவ வேண்டும்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாலுகா ஆபீசுக்குப் போகும். மாமனாரின் இறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் மீட்டர் அட்டையில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாறியிருந்தால் இங்கே எழுதுங்கள், அதற்கு வேறு வழி சொல்கிறேன்.